கீழத்தெருவைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

ஐப்பசி அடைமழையில் எங்கள் ஊர்க் கீழத்தெருவில் வயிற்றுப்போக்கு பரவியது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். ஓர் உயிரும் போகவில்லை. நோய் தானாக அடங்கிவிடவில்லை. ஓடியாடி அடக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பள்ளித் தலைமை ஆசிரியைக்கு. மழை நாளில் பிள்ளைகள் மட்டம் போடுவது டெல்டாவில் சகஜம். ஆனால் வராத பிள்ளைகள் எல்லாம் ஒரே தெரு என்பதைக் கவனித்து, உடனே நர்ஸ் அம்மாவுக்குப் போன் போட்டார் டீச்சர். "கீழத்தெருக்காரங்கதான் வந்து வந்து பேதி நிக்க மாத்திரை வாங்குறாங்க" என்று மெடிக்கல் ஷாப் அண்ணனும் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த நர்ஸ் அம்மா, பொழுது சாய்வதற்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டார். எங்கே என்ன நோய் பரவுகிறது என்று நாடு முழுக்கக் கவனிக்கும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கியது. அதில் மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும் கணக்கு முழுவதும் இப்படி யாரோ ஒருவர் கவனித்துச் சொல்வதில்தான் ஆரம்பிக்கிறது. பக்கத்துக் காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவி, பொது சுகாதார அவசர நிலை அறிவித்துப் பள்ளி, கல்லூரிகளை மூடியதை நாம் மறக்கவில்லை. அதனால்தான் டீச்சரும் மெடிக்கல் ஷாப் அண்ணனும் சொன்ன அந்த இரண்டு தகவல்களையும் பெரிதாகச் சொல்கிறேன்.

மறுநாள் விடியும்போதே டாக்டரும் ஆட்களும் வந்துவிட்டார்கள். மலம் சோதனைக்குப் போனது; முடிவு வரட்டும் என்று யாரும் கைகட்டி நிற்கவில்லை. ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைத் தூள்) எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும், பிய்த்துப் பிய்த்துப் போடக்கூடாது என்று வீடு வீடாக உட்கார்ந்து கரைத்துக் காட்டிய தன்னார்வலர் தங்கச்சிக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோர் சார்பிலும் நன்றி.

அப்புறம், சுகாதார ஆய்வாளர் சார். அவர் செய்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் அதற்குள் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது: "அந்தத் தெருவே அப்படித்தான், சுத்தபத்தம் கிடையாது." சார் யாரோடும் வாதம் செய்யவில்லை. கையில் கண்ணாடிக் குழாயோடு மேல்நிலைத் தொட்டியடியில் ஆரம்பித்தார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டார். பளிச்சென்று மஞ்சளானது, குளோரின் இருக்கிறது. அடுத்த தெருவிலும் மஞ்சள். வாய்க்காலைத் தாண்டிக் கீழத்தெருவின் முதல் குழாயில் பிடித்தால், நிறம் மாறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. கடைசிக் குழாய் வரை அப்படியே. தொட்டியில் போட்ட குளோரின் வழியில் எங்கேயோ செத்துப்போகிறது என்றார். வாய்க்காலுக்கு அடியில் போகும் பைப்பில் விரிசல். தண்ணீர் விடாத நேரத்தில் பைப் காலியாகி, சாக்கடை கலந்த வாய்க்கால் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது. இந்தக் கசிவைப் பற்றி நாங்கள் முன்பே மனுக் கொடுத்திருந்தோம், கவனிப்பாரில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் நோய்க்குக் காரணம் பைப்தான், அங்கே வாழும் மக்கள் இல்லை என்று ஊர் முன்னால் நிரூபித்துக் காட்டியதற்கு, சார், நாங்கள் காலத்துக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

மார்பளவு தண்ணீரில் இறங்கி அந்தப் பைப்பைத் துண்டித்த ஃபிட்டர் தம்பி, புது லைன் போடும்வரை லாரித் தண்ணீரை ஒவ்வொரு நடையும் சோதித்தே இறக்கிய டேங்க் ஆபரேட்டர், தெருமுழுக்க பிளீச்சிங் பவுடர் போட்ட தூய்மைக் காவலர்கள், காசு வாங்காமல் வெந்நீர் கொடுத்த டீக்கடை மாமா, எல்லோருக்கும் நன்றி. வெட்கப்பட்டு மறைக்காமல், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன கீழத்தெருக் குடும்பங்களுக்கும்தான்.

நர்ஸ் அம்மா ஒன்று சொல்லச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கொடுத்த ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுத்து முடித்துவிடுங்கள். தீர்ந்துபோனவர்கள் துணை சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கீழத்தெரு மக்கள் சார்பில்