முக்திநாத் யாத்திரை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள யாத்திரை ஏற்பாட்டாளர்களே,

வணக்கம். நேபாளத்து முக்திநாத்தான திருச்சாளக்கிராமத்தைச் சேவிக்காமலே போய்விடுவோமோ என்று ஏங்கும் பெரியவர்கள் நம்மூரில் நிறையப் பேர். பாஷை தெரியாத ஊரில் அவர்களுக்கு ரசமும் தயிர்சாதமும் போட்டு, கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருகிறீர்கள். லேசான வேலை இல்லை. எனக்கு உறுத்துவது உங்கள் நோட்டீஸில் வரும் இரண்டே வரிகள்தான். "ஐந்தாம் நாள்: காலை விமானத்தில் ஜோம்சோம், முக்திநாத் தரிசனம். ஆறாம் நாள்: காலை விமானத்தில் பொக்காரா, அங்கிருந்து உடனே புறப்பாடு." ஊருக்கு ஊர் தேதி மாறலாம், இந்தக் கணக்கு மாறுவதில்லை. மேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் இடமே இல்லை.

பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்குப் பக்கத்து விமான நிலையமான ஜோம்சோம் இருபது நிமிடப் பயணம். ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தௌலகிரி, இரண்டும் 8,000 மீட்டருக்கு மேல். நடுவே காளி கண்டகிப் பள்ளத்தாக்கு. இருபது பேர் அளவே கொள்ளும் சிறிய விமானம் மலைக்கு மேலே பறப்பதில்லை, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே போகிறது. விமானி கண்ணால் வழி பார்த்துத்தான் ஓட்டியாக வேண்டும். முற்பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று பலமாகிவிடும். அதனால் எல்லாமே விடியற்காலைக் கணக்கு.

இதே தடத்தில் நடந்ததை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. 2012 மே மாதம் ஜோம்சோமில் இறங்க முடியாமல் திரும்பிய டோர்னியர் ரக விமானம் மலைச்சரிவில் மோதியது. இருந்த 21 பேரில் 15 பேர் போனார்கள், பெரும்பாலோர் இந்திய யாத்திரிகர்கள். 2016 பிப்ரவரியில் ட்வின் ஆட்டர் ரக விமானம் ஒன்று, 23 பேர். 2022 மே 29 அன்று இன்னொரு ட்வின் ஆட்டர், 22 பேர். இந்த இரண்டிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

விசாரணை அறிக்கைகள் சொல்வதுதான் முக்கியம். 2016இல் வானிலை சரியில்லாதபோதும் விமானிகள் திரும்பத் திரும்ப மேகத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். 2022இல் மேகத்தில் வழி தவறியபோது, மலை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டிலுமே எஞ்சின் பழுதைக் காரணமாகச் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த விமானம் நேராக மலையில் போய் மோதியிருக்கிறது. முக்திநாத் தடம் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. 2011 செப்டம்பரில் எவரெஸ்ட்டைச் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பிய விமானம் காத்மாண்டுவுக்குப் பக்கத்தில் மேகமூட்டத்தில் மலையில் மோதி 19 பேரும் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் நம் திருச்சிக்காரர்கள்.

"அதெல்லாம் விமானி பார்த்துக்கொள்வார் சார்" என்பீர்கள். சரி, முடிவு அவருடையதுதான். ஆனால் அவரைச் சுற்றி நெருக்கடி உண்டாக்குவது யார்? என் அத்தை போன குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பொக்காராவில் பையோடு ஆளையும் எடைபோட்டு உட்கார வைத்துவிட்டார்கள். மலை கண்ணுக்கே தெரியவில்லை. குழுவை நடத்தியவர் கவுன்டரில் போய், "எங்களுக்கு கோரக்பூரில் ரயில் போய்விடும், எப்படியாவது அனுப்புங்கள்" என்று சத்தம் போட்டாராம். அத்தை அதைப் பெருமையாகத்தான் சொன்னாள், "எவ்வளவு பொறுப்பான மனுஷன் பாரு!" என்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நேபாள விமான நிறுவனங்கள் எதையும் 2013 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தன் வானத்தில் அனுமதிக்கவில்லை. விமான நிலையங்களை நடத்துவதும் விமானத் துறையைக் கண்காணிப்பதும் அங்கே ஒரே அமைப்புதான், அதைப் பிரியுங்கள் என்ற பேச்சு பல வருஷமாக இழுபடுகிறது. அதையெல்லாம் நீங்களோ நானோ மாற்ற முடியாது. நோட்டீஸை மாற்றலாம்.

பொக்காராவில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள். செலவு கூடும், கூடட்டும். தலைக்கு இவ்வளவு என்று முன்பே சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கோரக்பூர் ரயிலையும் டெல்லி விமானத்தையும் அதற்கேற்பத் தள்ளிப் போடுங்கள். விமானம் ரத்தானால் கவுன்டரில் யாரும் வாதாடுவதில்லை என்பதை உங்கள் ஆட்களுக்கு விதியாகவே வையுங்கள். ரத்தானால் பணம் எவ்வளவு திரும்பும், ஜீப் உண்டா என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஜீப் பாதையும் சுகமானதல்ல. நாள் முழுக்கக் குலுங்கும், மழைக்காலத்தில் மண் சரியும். மகாராஷ்டிர யாத்திரிகர்களின் பேருந்து 2024 ஆகஸ்டில் மர்ஸ்யாங்தி ஆற்றில் விழுந்ததையும் மறக்கவில்லை. அதனால்தான் ஆனி முதல் ஆவணி வரை அந்தப் பக்கம் குழுவே போடாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. இரண்டு நாளும் வானம் திறக்கவில்லையென்றால் தரிசனம் இல்லாமலே திரும்ப நேரிடும் என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டு நாலு பேர் விலகுவார்கள். விலகட்டும்.

வருகிற சித்திரையில் என் அப்பாவும் அம்மாவும் புறப்படுகிறார்கள். இரண்டு மூன்று நோட்டீஸ்கள் மேஜைமேல் இருக்கின்றன. பொக்காராவில் ஒரு நாள் காலியாக இருப்பது யாருடையதோ, அவரிடம்தான் முன்பணம் கட்டப்போகிறேன்.

அன்புடன்,
ஒரு யாத்திரிகர் வீட்டுப் பிள்ளை