பீரோவில் பூட்டிக் கிடக்கும் கற்றல் பொருள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பாடம் படிக்காமல் மணியையும் அட்டையையும் வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற குறையைக் கடிதப் பகுதியில் அவ்வப்போது படிக்கிறேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியையாகவும் பின்னர் தலைமையாசிரியையாகவும் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என் அனுபவத்தில் குறை இதற்கு நேர்மாறானது. பிள்ளைகள் தொட்டுப் பார்த்தும் நான்கு பேராகக் கூடிப் பேசியும் கற்கட்டும் என்று அரசு வாங்கித் தந்த பொருள்கள், நான் பணியாற்றிய பள்ளிகளில், ஆண்டின் பெரும்பகுதி தலைமையாசிரியர் அறை பீரோவிலேயே இருந்தன.

அந்தப் பொருள்கள் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கக் கற்பிக்கும்போது, "இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்றுதான் நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். ஒரு நாள் அதைச் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு செட் என்று ஈர்க்குச்சிகளைக் கொடுத்தேன்; பத்துப் பத்தாக ரப்பர் போட்ட ஐந்து கட்டுகள், உதிரியாக இரண்டு குச்சிகள். ஒரு சிறுமி உதிரிக் குச்சிகள் இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு, இன்னும் ஐந்து வேண்டுமே என்று கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பையன், "ஒரு கட்ட அவுத்துடு" என்றான். அவள் தயங்கினாள், கட்டை அவிழ்த்தால் நான் திட்டுவேன் என்று நினைத்தாள் போலும். அவனே ரப்பரைக் கழற்றினான். குச்சிகள் பாயில் சிதறின, இருவரும் சேர்ந்து எண்ணினார்கள், நான்கு கட்டும் 12 உதிரியும் ஆயின. ஏழை எடுத்து, இரண்டு கட்டுகளையும் எடுத்தபின் மிச்சம் 25. "கடன் வாங்கினீர்களா?" என்று கேட்டேன். "கடன் இல்ல டீச்சர், நம்ம கட்டுதான்" என்றாள் அந்தச் சிறுமி. அத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிக்கொடுத்த 'கடன்' என்ற சொல்லில் இருந்த பிழை அன்றுதான் எனக்கே புலப்பட்டது.

இன்னொன்று, நான்காம் வகுப்பில் பின்னம் நடத்தியபோது நடந்தது. பழைய முகத்தல் அளவையில் ஒரு படிக்கு நான்கு உழக்கு, எட்டு ஆழாக்கு என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வீடுகளிலிருந்து படிகளையும் ஆழாக்குகளையும் வாங்கிவரச் செய்து, மணலைக் கொட்டி, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஒரு குழுவுக்கு எட்டு ஆழாக்கில் படி நிறைந்தது. அடுத்த குழுவுக்கு ஏழிலேயே நிறைந்துவிட்டது. எங்கள் படிதான் சரி, உங்கள் படிதான் தப்பு என்று கால் மணி நேரம் சண்டை. நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவன் எழுந்துபோய் மற்ற குழு அளப்பதை உற்றுப் பார்த்து, "இவங்க தலதட்டி அளக்கறாங்க, நாம குமிச்சு அளந்தோம்" என்று கண்டுபிடித்தான். எட்டில் ஒரு பங்கு என்றால் எட்டுப் பங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதைப் பாடப்புத்தகத்தில் வட்டத்துக்கு வண்ணம் தீட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மணலில் சண்டை போட்ட அந்தப் பிள்ளைகளுக்கு அதை மறுபடி சொல்ல வேண்டி வரவில்லை. தனியாக அளந்திருந்தால் அந்தப் பையன் ஏழு என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். பக்கத்துக் குழுவின் எட்டுதான் அவனை எழுந்து போகவைத்தது. வட்டமாக உட்கார வைத்துவிட்டாலே குழுக் கற்றல் ஆகிவிடாது என்று நான் சொல்வது இதனால்தான்; ஒரே பொருளை நால்வர் பகிர்ந்து, ஒருவர் விடையை மற்றவர் மறுக்க இடமிருந்தால்தான் அது குழு.

இது யாரும் புதிதாகக் கொண்டுவந்த கருத்தன்று. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. பாய், கீழ்மட்டக் கரும்பலகை, கற்றல் படிநிலைகளைக் காட்டும் ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. அந்த முறையில் குறைகளும் இருந்தன: ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையோடு தனியே நின்றுவிடும் நாள்கள் உண்டு, கிழிந்த அட்டைக்கு மாற்று அட்டை வராமலே ஆண்டு முடிந்ததும் உண்டு. ஆனாலும் பிள்ளையின் கண்மட்டத்தில் கரும்பலகை இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விதைத்தது அதுதான். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாடல், கதை, செயல்பாடு என்று களங்கள் உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவே, செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிந்தும் குழந்தை கற்க வேண்டும் என்று சொல்கிறது. சட்டத்திலும் திட்டத்திலும் பயிற்சியிலும் இடம்பெற்றுவிட்ட ஒன்று வகுப்பறைப் பாயில் மட்டும் ஏன் தயங்கி நிற்கிறது?

முதல் காரணம் இருப்புப் பதிவேடு. கணித உபகரணப் பெட்டி பள்ளிக்கு வந்ததும் அதிலுள்ள ஆணிமணிச் சட்டம், எடைக்கற்கள், வடிவக் கட்டைகள் எல்லாம் எண்ணிக்கையோடு பதிவேட்டில் ஏறுகின்றன. தணிக்கையின்போதும், தலைமையாசிரியர் மாறுதலில் செல்லும்போதும், ஒவ்வொன்றையும் எண்ணிக் காட்ட வேண்டும். ஆறு வயதுக் குழந்தைகள் 30 பேர் தினமும் கையாளும் மணியில் நான்கு உருண்டு ஓடத்தான் செய்யும். ஒருமுறை என் பொறுப்பிலிருந்த பள்ளியில் எடைக்கற்கள் இரண்டு குறைந்தன. ஏன் குறைந்தன என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது. என் கைக்காசில் வாங்கி வைத்தேன். தொகை பெரிதில்லை, ஆனால் அதற்குப் பிறகு நான் செய்தது தவறு. பெட்டியைப் பூட்டினேன், ஆய்வுக்கு யாராவது வரும் நாளில் மட்டும் வெளியே எடுத்தேன். இரண்டு கல்வியாண்டுகள் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் தராசைப் படத்தில் மட்டுமே பார்த்தார்கள். அவர்களுக்கு நான் அந்த இரண்டு ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது. தேய்ந்த பொருளும் காணாமல் போன மணியும் பள்ளி நடக்கிறது என்பதற்குச் சான்று. பத்து ஆண்டு கழித்தும் உறை பிரிக்காமல் முழு எண்ணிக்கையோடு இருக்கும் பெட்டிக்குத்தான் விளக்கம் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நேரம். ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளை ஒருவரும், நான்கையும் ஐந்தையும் மற்றவரும் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ வட்டார வள மையம் சென்றுவிட்டால், ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இதற்கிடையே செயல்பாடு நடந்ததற்குச் சான்றாகப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்ற வேண்டும். மணலில் பிள்ளைகள் சண்டை போடும் அந்தக் கால் மணி நேரம் வெளிப்பார்வைக்கு ஒழுங்கீனமாகத் தெரியும், புகைப்படத்துக்கு உதவாது. வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு அட்டையை உயர்த்திப் பிடித்தால் படம் நன்றாக வரும். பிறகு எது அதிகமாக நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெற்றோரையும் நான் குறைசொல்ல மாட்டேன். தனியார் நர்சரிப் பள்ளிப் பிள்ளையின் நோட்டு நிறைந்திருக்கிறது, நம் பிள்ளையின் நோட்டு காலியாக இருக்கிறது என்றால் தாய்க்குக் கவலை வருவது இயல்பு. படி, ஆழாக்கு கேட்டு நான் சீட்டு அனுப்பியபோது முணுமுணுத்த ஒரு பாட்டியை அந்த வகுப்பிலேயே வந்து உட்காரச் சொன்னேன். மறுவாரம் அவர் படியைவிடப் பெரிய அளவையான மரக்காலைத் தூக்கிக்கொண்டு வந்து, கேட்காமலே பிள்ளைகளுக்கு அளந்து காட்டினார்.

பள்ளிக்கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். தொடக்கப் பள்ளிகளுக்கு வழங்கும் கற்றல் பொருள்களை மேசை நாற்காலி போல இருப்புப் பதிவேட்டில் வைக்காமல், சுண்ணக்கட்டி போலப் பயன்படுத்தித் தீரும் பொருளாக அறிவிக்க வேண்டும். உடைந்ததையும் தொலைந்ததையும் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றிக் கழித்துவிட அனுமதித்தால் போதும். பிள்ளைகளின் பெற்றோரே பெரும்பான்மை உறுப்பினர்களாக உள்ள அந்தக் குழுவைவிட நம்பகமான சாட்சி வேறு இல்லை. சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் துணைக்கருவிகளுக்கென்று தரப்பட்டது. அந்தச் சிறு தொகையில் நாங்கள் வாங்கிய துடைப்பக்குச்சியும் ரப்பரும் புளியங்கொட்டையும் பெட்டியில் வந்த பொருள்களைவிட அதிகமாகப் புழங்கின, ஏனெனில் அவை தொலைந்தால் கேட்பார் இல்லை. அப்படியொரு தொகையை, இன்றைய விலைவாசிக்கேற்ப உயர்த்தி, ஆசிரியர் கையிலேயே தர வேண்டும்.

இதற்கு ஓர் அரசாணை போதும். பெரிய நிதி ஒதுக்கீடும் வேண்டாம், புதிய திட்டமும் வேண்டாம். வரும் கல்வியாண்டு ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் அது வெளிவந்தால், பீரோச் சாவியைத் தேட வேண்டிய தேவை எங்கள் ஆசிரியர்களுக்கு இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.