பீரங்கியைப் பற்றி ஒரு திருத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம்.

போன சனிக்கிழமை இங்கே டெக்சாஸில் இருக்கும் மஹேயா போய்வந்தோம். எழுத்துக்கூட்டி ‘மெக்சியா’ என்று நான் வழி கேட்டு, பெட்ரோல் நிலையத்தில் இருந்தவர் சிரித்தாரே, அதே ஊர்தான். நவசோட்டா ஆற்றங்கரைத் தோப்பு அப்படியே இருக்கிறது. நீ தலை சுற்றும்வரை ஆடிய நடன மண்டபமும் இருக்கிறது.

உனக்கு அப்போது ஏழு வயது. அங்கே இருந்த பழைய பீரங்கியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “இது யாருடையதுப்பா?” என்று கேட்டாய். “நாட்டுக்காகச் சண்டை போட்டவர்களுடையது” என்று சொல்லிவிட்டு எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை, பசி.

அந்தப் பதில் தப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-இல் நியூ மெக்சிகோவின் வால்வெர்டேயில் நடந்த சண்டையில், அமெரிக்க அரசுப் படையிடமிருந்து, நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை பறித்துக்கொண்ட பீரங்கிகளில் ஒன்று அது. நாட்டை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள். எதற்காக என்பதை மறைக்கவும் இல்லை. பிரிந்துபோவதற்கான காரணங்களை 1861-இல் டெக்சாஸ் வெளியிட்டபோது, அடிமை முறையைக் காக்கத்தான் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார்கள்.

தோற்றுத் திரும்பியவர்கள் 1889-இல் சங்கம் அமைத்து, கோடைதோறும் இந்தத் தோப்பில் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கினார்கள். நடன மண்டபம் 1893-இல் வந்தது. 1920-களில் ஊரில் எண்ணெய் பொங்கியதும், ஹம்ஃப்ரீஸ் என்ற எண்ணெய் முதலாளி இடத்தை இன்னும் வசதியாக்கினார். கடைசிக் கூட்டம் 1946-இல். போர் முடிந்தபோது 18 வயதாக இருந்தவனுக்கு அப்போது 99. வந்தவர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். 1983-இல் அது மாநிலப் பூங்காவானது. 2008 முதல் மாநில வரலாற்று ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. இப்போது தூண்டில் போடுகிறார்கள், துடுப்புப் படகு விடுகிறார்கள்.

எனக்கு உறைத்தது வேறொன்று. அதே ஆற்றில், சில மைல் தொலைவில், கோமாஞ்சி கிராசிங் என்று ஓர் இடம். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட குடும்பங்கள் 1890-களில் காசு சேர்த்து நிலம் வாங்கி, ஜூன் 19 விடுதலை நாளைக் கொண்டாடிய திடல். அவர்களும் கூடாரம் போட்டார்கள், சமைத்தார்கள், பாடினார்கள். 1981-இல் அதே விழா நாளில், போலீஸ் காவலில் படகில் கொண்டுசெல்லப்பட்ட மூன்று கறுப்பின இளைஞர்கள், படகு கவிழ்ந்து, திடலை ஒட்டிய ஏரியில் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே கூட்டம் குறைந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் டாலஸில் இருந்தும் அந்தப் பக்கம் நாம் ஒருமுறைகூட வண்டியைத் திருப்பியதில்லை.

பழைய ஆல்பத்தில் உன் படத்தின் பின்னால் அம்மா “பீரங்கி மேல் பாப்பா” என்று மட்டும் எழுதியிருக்கிறாள். கீழே இரண்டு வரி சேர்க்கட்டுமா என்றேன். “அவளையே கேளுங்கள், அவள் படம்” என்றாள்.

ஜூனில் வருவாய் அல்லவா? 19-ஆம் தேதிக்கு முன்னால் வருவது போல டிக்கெட் போடு. ஏரிப் பக்கம் போகலாம். இந்த முறை புளியோதரை.

அன்புடன்,
அப்பா