கடைமடைக்கு எட்டும் பலம்

அன்பு மகனுக்கு,

நேற்று இரவு போனில் "ஓட்டம் கம்மியாம்ப்பா" என்று சொன்னதும் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். உன் குரல் உடைந்ததை நான் கவனித்தேன். முப்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். சொந்த மகனிடம் இதைப் பேசக் கூச்சப்படக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'அசைவுத்திறன்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உன் பயம் கொஞ்சம் குறையும்.

ஒரு விந்தணுவின் மொத்த நீளம் சுமார் 0.05 மில்லிமீட்டர். பெரும்பகுதி வால்தான். வாலுக்குள் நடுவில் இரண்டு நுண்குழல்கள், அவற்றைச் சுற்றி ஒன்பது ஜோடிகள். ஜோடிக்கு ஜோடி டைனீன் என்ற புரதக் கைகள் நீண்டிருக்கும். ஒவ்வொரு கையும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு ஒன்றை உடைத்து, அந்த வேகத்தில் பக்கத்துக் குழலை ஓர் இழுப்பு இழுக்கும். ஒரு பக்கக் கைகள் இழுத்து, பிறகு மறுபக்கக் கைகள் இழுக்க, வால் வளைந்து வளைந்து அடிக்கிறது. நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல்கூட!

அப்படியானால் வால் நெடுகிலும் ஏடிபி வேண்டும். ஆனால் அதைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களோ தலைக்குக் கீழே, நடுத்துண்டில் மட்டும், கயிறு சுற்றியதுபோல் இருக்கின்றன. வால் நுனி ஒரு கடைமடை. மேலே திறந்துவிட்ட தண்ணீர் அங்கே போய்ச் சேருமா? வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் இந்தக் கேள்வியை வைத்துவிட்டுப் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பேன்.

கடல் முள்ளெலியின் விந்தணு கிரியேட்டின் பாஸ்பேட் என்ற மூலக்கூறின் வழியாக அந்த ஆற்றலை நுனிவரை கைமாற்றிக் கொண்டுபோகிறது. பாலூட்டிகளில் வேறு ஏற்பாடு. கடைமடைக்காரன் தன் வயலிலேயே கிணறு வெட்டிக்கொண்ட மாதிரி, வாலைச் சுற்றியுள்ள நார் உறையிலேயே குளுக்கோஸை உடைக்கும் நொதிகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. ஒரு குளுக்கோஸுக்குக் கையில் நிற்பது இரண்டே ஏடிபி. மைட்டோகாண்ட்ரியா வழியில் போனால் ஏறக்குறைய முப்பது கிடைக்கும். ஆனாலும் தேவைப்படும் இடத்திலேயே கிடைக்கிறதே, அதில்தான் இருக்கிறது விஷயம். 2004இல் வந்த ஓர் ஆய்வில், விந்தணுவுக்கென்றே உள்ள அப்படி ஒரு நொதியை எலிகளில் இல்லாமல் செய்து பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியா வழக்கம்போல் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டது. ஏடிபி மட்டும் பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. விந்தணுக்கள் நின்ற இடத்தில் மெல்ல நெளிந்தனவே தவிர முன்னே போகவில்லை. அந்த ஆண் எலிகளுக்குக் குட்டியே பிறக்கவில்லை. மனிதரில் எந்த வழிக்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வாலின் நுனிக்கு ஏடிபி எட்டுகிறதா, அதை வாங்கி இழுக்கும் கைகள் சரியாக இருக்கின்றனவா என்று இவ்வளவு நுணுக்கமான சங்கதி இது. இதை யாராவது ஆம்பளைத்தனத்தோடு முடிச்சுப் போட்டால் காதில் வாங்காதே.

இன்னொன்று. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் போல ஆகும். ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு வாரம் கடும் காய்ச்சலில் கிடந்தாயே, டாக்டரிடம் அதைச் சொன்னாயா? காய்ச்சலின் சூடு விந்தணுக்களைப் பாதிக்கும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவுகட்ட மாட்டார்கள், மறுபடி ஒரு தடவை பார்ப்பார்கள். சிகரெட் இன்னும் பிடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதை இன்றைக்கே விட்டுவிடு. விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். கடைகளில் விற்கும் 'வீரிய' மருந்து எதையும் தொடாதே.

உன் மனைவியிடம் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டாயா? காட்டாவிட்டால் இந்தக் கடிதத்தையும் சேர்த்தே கொடு. அவள் தனியாகத் தன்மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று சொல். நானும் வருகிறேன். வெளியே உட்கார்ந்திருக்கிறேன், நீ எதுவும் பேச வேண்டாம்.

அன்புடன்,
அப்பா