இரண்டு வரிக்கு இடம்

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுவுக்கு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கரண்ட் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். கரண்ட் போகவில்லை. "பாட்டி இப்போ எங்கே இருக்காங்கன்னு குழந்தை தினமும் கேட்கிறாள், என்ன சொல்லட்டும் அப்பா?" என்றாய். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லித்தான் உன் அக்காவைப் புதைத்தேன். அதனால்தான் அன்றைக்கு வாய் வரவில்லை. எழுதினால் வருமோ என்று கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. அம்மாவுக்குக் கல் சொல்லியிருக்கிறேன், கிருஷ்ணகிரி போகிற வழியில் இருக்கிற கிரானைட் பட்டறையில். கருப்புக் கல், 2 அடிக்கு 1½ அடி. பெயர், பிறந்த நாள், இறந்த நாள் போக இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறதாம். வழக்கமாக வெட்டுகிற வாசகங்களை எழுதி வைத்த நோட்டு ஒன்றைப் பட்டறைக்காரர் காட்டினார். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', 'இறைவனடி சேர்ந்தார்' என்று வரிசையாக இருந்தது. அப்புறம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

உன் அக்கா போனபோது உனக்கு 5 வயது. உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. நாம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இதை உட்கார்ந்து பேசியதே இல்லை. அது என் தப்பு.

1993, ஆடி மாதம். அவளுக்கு 7 வயது. ஜுரம் சாதாரணமாகத்தான் தொடங்கியது. சபையில் மருந்து எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். மாத்திரை வாங்கினால் கர்த்தரை நம்பவில்லை என்று அர்த்தம். நகை கூடாது, பூ கூடாது, சினிமா கூடாது, வெள்ளை உடுப்புதான் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு ஒரு நாளும் பாரமாகத் தெரிந்ததில்லை. குடித்துக் குடித்து விழுந்து கிடந்த என்னைத் தூக்கி நிறுத்தி, கையில் மறுபடியும் கத்தரிக்கோலைப் பிடிக்க வைத்தது அவர்கள்தான். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். உயிர் கொடுத்தவர்கள் சொன்னால் எப்படித் தட்டுவது என்றுதான் இருந்தேன்.

உபவாச ஜெபம் நடந்தது. முழு இரவு ஜெபம் நடந்தது. எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ஜுரம் இறங்கவில்லை. வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கும், தேடிப் பாருங்கள் என்றார் பாஸ்டர். தேடினேன், கண்ணு. ஒரு வாடிக்கையாளருடைய துணியில் மிஞ்சிய அரை மீட்டரைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது ஞாபகம் வந்தது. கொட்டுகிற மழையில் ஓடிப்போய் அவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி ஜுரம் விட்டுவிடும் என்று முழுசாக நம்பினேன். மூன்றாவது வாரம் வயிறு உப்பிப் போய், ஒரு விடியற்காலை போய்விட்டாள்.

பல வருஷம் கழித்து ஒரு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டைபாய்டாக இருந்திருக்கும் என்றார். டைபாய்டுக்கு வேலை செய்கிற மருந்து 1948லேயே வந்துவிட்டது. நான் பிறப்பதற்கும் முன்னால்.

கூட்டத்துக்குப் போட என்று தைத்திருந்த வெள்ளை கவுனைப் போட்டுத்தான் அவளை வைத்தோம். கீழே மூன்று விரல் அகலத்துக்கு மடிப்பு விட்டிருந்தேன். அவள் வளர வளரப் பிரித்து விடலாம் என்று. அந்த மடிப்பு அப்படியேதான் மண்ணுக்குள் போனது.

அடக்கத்தில் யாரையும் அழ விடவில்லை. நம்பிக்கை இல்லாதவர்களைப்போல துக்கப்படக்கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறார், குழந்தை மகிமைக்குள் போயிருக்கிறாள், பாடுங்கள் என்றார்கள். கை தட்டிப் பாடினோம். உன் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து, 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று சாட்சி சொன்னேன். குரல் கூட நடுங்கவில்லை. விசுவாசம் என்றால் இதுதான் என்று எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதற்கப்புறம் உன் அம்மா மாதக்கணக்கில் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே, "லாசரு கல்லறைகிட்ட இயேசுவே அழுதாரே, நான் அழக்கூடாதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதும் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவில்லை.

1996ல் உனக்கு ஜுரம் வந்தது. நான் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். உன் அம்மா பக்கத்து வீட்டில் 200 ரூபாய் கடன் வாங்கி, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸில் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நீ இன்றைக்கு ஜெர்மனியில் உட்கார்ந்து இதைப் படிப்பதற்கு அந்தக் கடைசி பஸ்தான் காரணம். நான் காரணமில்லை. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்ததும் சபை நடுவில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவள் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அன்றைக்கே அவளோடு வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

வெளியே வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். சபையை விட்டேனே தவிர பயம் என்னை விடவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து அம்மாவும் நீயும் இல்லையென்றால், இரகசிய வருகை நடந்துவிட்டது, இயேசு வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார், என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று கால் வெலவெலத்துப் போகும். ரேஷன் கடைக்குப் போயிருப்பீர்கள். இடி இடித்தால் தூக்கம் போகும். சபையை விட்டுப்போன பின்மாற்றக்காரன் வீட்டில் தண்டனை இறங்கும் என்று காதில் போட்டுப் போட்டு வைத்தது. புத்திக்குப் பொய் என்று தெரிந்தாலும் வயிற்றுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் 2023ல் அம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று சொன்னபோது, முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. வந்துவிட்டதடா தண்டனை என்றுதான் தோன்றியது. 25 வருஷம் வெளியே இருந்தவனுக்கு! பெங்களூருக்கு அலைந்த கதை உனக்குத் தெரியும், பணம் அனுப்பியதே நீதான். ஆறு கீமோ முடிந்து, கொஞ்சம் தேறி, மறுபடியும் வயிற்றில் நீர் கட்டியபோது, பழைய சபையிலிருந்து நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. அதில் ஒருவர் உன் அக்காவைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். திரும்பி வந்துவிடுங்கள், சகோதரி சுகமாவாள் என்றார்கள். அந்த நிமிஷம் நான் முழங்கால் போட்டிருப்பேன், கண்ணு. உண்மையாகச் சொல்கிறேன். கட்டிலில் இருந்து அம்மாதான் கேட்டாள்:

"அன்னிக்கு உள்ளதானே இருந்தோம். பாப்பா போகலையா?"

யாரும் பேசவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியில், 30 வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. உள்ளே இருந்தாலும் சாவு வரும், வெளியே இருந்தாலும் வரும். அது யாரையும் பார்த்துக் குறிவைத்து வருவதில்லை. அரை மீட்டர் துணிக்காக ஒரு குழந்தையைக் கொல்கிற கை எதுவும் மேலே இல்லை. அன்றைக்கு இரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோயை வெறும் நோயாகப் பார்த்தேன். பயம் ஒதுங்கியதும் செய்ய வேண்டிய வேலை கண்ணுக்குத் தெரிந்தது.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். போதைக்கு அடிமையாகிவிடுவாளோ என்று பயந்தேன். வலிக்கென்று அளந்து கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம், வலி வந்தபின் கொடுக்காதீர்கள், வருவதற்கு முன்னாலேயே 4 மணி நேரத்துக்கு ஒரு தரம் கொடுங்கள், மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்துக் கொடுங்கள் என்று டாக்டர் விளக்கினார். அளவு நோட்டில் கட்டம் போட்டு நேரம் எழுதி வைத்தேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் இருந்து நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கி வைத்தது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அன்றைக்குப் பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்த செய்தி, என் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. உன் அக்கா வலியில் முனகியபோது ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னேன். அம்மா முனகியபோது மாத்திரை கொடுத்தேன். இரண்டு சாவுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அம்மா கடைசிவரை ஜெபித்தாள். எந்தச் சபைக்கும் போகவில்லை, ஆனால் ராத்திரி விளக்கு அணைத்ததும் உதடு அசையும். நான் ஜெபிக்கவில்லை. அவள் முடிக்கும்வரை கால் பிடித்துவிட்டுக்கொண்டு இருப்பேன். அவள் என்னைக் கூப்பிட்டதில்லை, நான் அவளைத் தடுத்ததில்லை. கடைசியாக அவள் பேசியது, "தண்ணி வந்துச்சா?" என்று. குடம் நிரம்பிவிட்டது என்றேன். தலையாட்டினாள். அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க மூச்சு மட்டும்தான். உதட்டை ஈரத் துணியால் நனைத்துக்கொண்டே இருந்தேன்.

உனக்கு டிக்கெட் கிடைக்காமல், போனில் விட்டு விட்டுத்தான் பார்த்தாய். அதில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பாலக்கோட்டில் இருந்து உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். உன் பாட்டி இறந்தபோது, உலகத்தாருடைய சடங்கு என்று நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டு வந்தவன். அந்த அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். அண்ணி மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அம்மாவைச் சொல்லி அழுதவள், நடுவில் உன் அக்காவையும் இழுத்து, வெள்ளைக் கவுன் போட்டுப் போன என் கிளியே என்று அழுதாள். அன்றைக்கு அழாத அழுகை இன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்தது. நான் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். தெருவே பார்த்தது.

அக்கா பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அது சபைக் கல்லறை, விட்டுப் போனவர்களுக்கு இடம் இல்லை என்றுவிட்டார்கள். அதனால்தான் ஊர் இடுகாட்டில் வைத்தோம். மாமரம் பூத்திருந்த நேரம்.

கல்லைப் பற்றி யோசிக்கும்போது, நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாம் மல்லசந்திரம் மலைக்குப் போனது ஞாபகம் வந்தது. பலகைக் கல்லை நிறுத்தி மூடி, ஒரு பக்கம் வட்டமாகத் துளை விட்ட கல்திட்டைகள். அம்மா ஒரு துளைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "யாருக்கு வெச்சாங்களோ, பேரு கூட இல்லை" என்றாள். நம் மண்ணில் எங்கே பார்த்தாலும் செத்தவர்களுக்கு வைத்த கல்தான். கடைக்கு வருகிற தமிழாசிரியர் ஒருவர் சொன்னார்: தகடூர் அதியமான் செத்தபின் அவனுக்கு நட்ட கல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சின்னக் கலயத்தில் கள் வைத்தார்களாம். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்கொள்வானா என்று ஔவை கேட்டாளாம். பதில் சொல்லவில்லையாம். சாவை நீக்கும் என்று நெல்லிக்கனியை அவளுக்குக் கொடுத்தவன் அவன். அவளே அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லவில்லை, கேள்வியோடு நின்றுவிட்டாள். அதைக் கேட்டபின் எனக்கும் தெரியாது என்று சொல்லத் தைரியம் வந்தது.

அதனால் குழந்தையிடம் இப்படிச் சொல். பாட்டி இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள். உடம்பு ஊரில் மண்ணுக்குள் இருக்கிறது. மற்றது தாத்தாவுக்கும் தெரியாதாம், அப்பாவுக்கும் தெரியாது. அழுதால் அழட்டும், நீயும் கூட அழு. தூங்குகிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அக்கா தூங்குகிறாள் என்று உன்னிடம் சொன்னோம். எத்தனையோ மாதம் நீ படுக்கவே பயந்தாய், அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தே தூங்கினாள்.

நேற்று அம்மாவின் பைபிளைத் துடைத்து வைத்தேன். உள்ளே என் பழைய அளவு நோட்டில் இருந்து கிழித்த பக்கம் ஒன்று இருந்தது. எலி கடித்துவிட்டது என்று நான் நினைத்த பக்கம். என் கையெழுத்து: பாப்பா கவுன், நீளம் 25, மார்பு 23, தோள் 9½, கை 5. முப்பது வருஷம் மடித்து வைத்திருக்கிறாள்.

கல்லில் நான் நம்பாததை எழுத எனக்கு மனம் இல்லை. அவள் நம்பியதை மறைக்கவும் மனம் இல்லை. கல் அவளுடையது. அந்த இரண்டு வரியில் உன் அக்காவின் பெயரையும், 1986 – 1993 என்றும் வெட்டச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அவளுக்கு எங்கேயும் கல் இல்லை. பட்டறைக்காரர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். உனக்குச் சரி என்றால் வியாழக்கிழமைக்குள் ஒரு போன் போடு. இந்தத் தடவை வைக்க மாட்டேன்.

அப்பா