தெர்மாமீட்டர் இல்லாமலும் ஓட வேண்டும்

மாப்ள,

எல்லாரும் சுகம். மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்துவிட்டதால் வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து கோரையாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, அப்பா குறுவை நாற்றங்காலே கதி என்று கிடக்கிறார். லைப்ரரி அண்ணன் உன்னைக் கேட்டார், அந்த சைக்கிள் கதையை இன்னும் விடவில்லை மனுஷன். சரி, எழுத வந்தது வேறு.

மதகில் நீர்மட்டம் பார்க்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வைக்கப்போகிறோம் என்றேனே, அதற்கு லினக்ஸ் கெர்னலைச் சின்னதாக்க, ஆப்ஷன்களைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் வேண்டாததை எல்லாம் எடுத்தேன். வெப்பநிலை காட்டும் ஹெச்டபிள்யூமான் என்ற பகுதியும் போனது. பில்ட் கடைசிவரை ஒழுங்காக ஓடி, எல்லாவற்றையும் விஎம்லினக்ஸ் என்ற முழு கெர்னல் ஃபைலாக லிங்க் செய்யும் இடத்தில் விழுந்தது: ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’. போர்டோடு வந்த ஈதர்நெட் டிரைவர், சிப்பின் சூட்டைச் சொல்ல ஹெச்டபிள்யூமான் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. ‘இப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு’ என்னும் டிக்ளரேஷன் ஹெடரில் எப்போதும் இருப்பதால் கம்பைலர் வாய் திறக்கவில்லை, ஃபங்ஷனோ எங்கேயும் இல்லை.

கூட இருக்கும் தம்பி, “கேகான்ஃபிக்கில் ஒரு செலக்ட் போட்டுடலாம்ணா” என்றான், அதாவது ஆப்ஷன் பட்டியலில் டிரைவரை எடுத்தாலே ஹெச்டபிள்யூமானும் தானாக வந்துவிடும். எனக்கு ஒப்பவில்லை. வேண்டாம் என்று அணைத்தவன் தலையில் அதையே கட்டுவதா? அதுவும் செலக்ட், தான் இழுத்து வரும் ஆப்ஷனின் டிபென்டன்சியைப் பார்க்கவே பார்க்காது, நாளைக்கு வேறு இடத்தில் உடையும். ஆப்ஷன் இருந்தால் மட்டும் கோடைச் சேர்க்கும் இஃப்டெஃப்பை சி ஃபைல் நடுவில் தூவுவதும் வேண்டாம். கெர்னலின் கோடிங் ஸ்டைலே அதை ஹெடரில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

வெப்பநிலைக் கோடைத் தனி ஃபைலாக்கி, அதற்கென்று ஒரு ஆப்ஷன் வைத்து, அது இல்லாதபோது ஹெடரில் ஒரு ஸ்டாட்டிக் இன்லைன் ஸ்டப், அதாவது ஒன்றும் செய்யாத வெற்று ஃபங்ஷன், கொடுத்தேன். இன்லைனை விட்டுவிட்டு ஸ்டாட்டிக் மட்டும் போட்டால், கூப்பிடாத ஃபைலில் எல்லாம் பயன்படாத ஃபங்ஷன் என்று வார்னிங் வரும், கெர்னல் 5.15-இல் வந்த வெர்ரர் ஆப்ஷன் இருந்தால் அதுவே எரர். ஸ்டப் என்ன திருப்ப வேண்டும் என்பதில்தான் தம்பிக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். அவன் ‘இந்த வசதி இல்லை’ என்னும் எரரான மைனஸ் ஈஆப்நாட்சப் என்றான், நான் ‘எல்லாம் சரி’ என்னும் பூஜ்யம் என்றேன். அந்த டிரைவரைத் தொடங்கி வைக்கும் புரோப் ஃபங்ஷன், எரர் வந்தால் அப்படியே வெளியேறிவிடும். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லை என்று யாராவது உலை வைக்காமல் இருப்பார்களா? சூடு தெரியாவிட்டால் போகிறது, மதகுக்கு நெட்வொர்க் வேண்டும்.

இன்னொரு இடம் இருக்கிறது, நீயும் கவனி. டிரைவர் ஒய் (கெர்னலுக்குள்ளேயே), ஹெச்டபிள்யூமான் எம் (தனி மாட்யூல்) என்று இருந்தாலும் இதே எரர்தான், ஏனென்றால் மாட்யூலுக்குள் இருக்கும் ஃபங்ஷன் விஎம்லினக்ஸுக்கு எட்டாது. ஆப்ஷன் இருக்கிறதா என்று பார்க்கும் ஈஸ்-எனேபிள்டு மேக்ரோ எம்முக்கும் ஆமாம் என்றே சொல்லும், அதை நம்பாதே. அந்தச் சேர்க்கை இருந்தால் வெப்பநிலை ஆப்ஷனே வராதபடி கேகான்ஃபிக்கின் டிபென்ட்ஸ் ஆன் வரியில் தடுத்தேன். இன்டெலின் ஐஜிபி ஈதர்நெட் டிரைவரில் இதே மாதிரி ஒரு வரி உண்டு, எடுத்துப் பார்.

ஹெச்டபிள்யூமான் ஒய், எம், ‘என்’ (அணைத்தது) மூன்றிலும் பில்ட் ஆகிறது. ஆப்ஷன்களைக் கண்டபடி மாற்றிப் பார்க்கும் ரேண்ட்கான்ஃபிக்கை இரவில் ஓட விட்டிருக்கிறேன். பேட்ச்சை இத்துடன் வைத்திருக்கிறேன், எந்தப் பழைய மாற்றத்தைச் சரிசெய்கிறது என்று சொல்லும் ஃபிக்சஸ் வரியில் நான் காட்டியிருக்கும் கமிட்தான் உண்மையில் உடைத்ததா என்று மட்டும் பார்த்துச் சொல். நடவுக்கு முன்னால் போர்டு மதகில் ஏறியாக வேண்டும், அதனால் இந்த வாரமே பதில் போடு.