முதல் இரண்டு நிமிடத்துக்கு உடைதான் வசனம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மாணவர் குறும்படம் என்றதும் கதை, கேமரா, எடிட்டிங் என்றே பேச்சு ஓடுகிறது. நடிகர்களுக்கு உடை பற்றிச் சொல்லப்படுவதெல்லாம், படப்பிடிப்புக்கு முந்தைய இரவு போகும் "நல்ல சட்டையா ரெண்டு எடுத்துட்டு வாங்க" என்ற ஒற்றை வரிதான். வேறு வகைப் படங்கள் இதைத் தாங்கிவிடலாம். நகைச்சுவைப் படத்தின் தொடக்கம் தாங்காது. யாரைப் பார்த்து, எதற்காகச் சிரிக்கப் போகிறோம் என்பதை வசனம் வருவதற்கு முன்பே உடையும் பின்னணியும் சொல்லியாக வேண்டும்.

அதற்காகக் கோமாளி உடை மாட்டுவது தப்பு. பாத்திரம் தன் உடையை மனதார நம்ப வேண்டும். 1914இல் திரைக்கு வந்த சார்லி சாப்ளினின் நாடோடி வேடத்தில் கோட்டு இறுக்கம், கால்சட்டை தொளதொளப்பு, தொப்பி சிறிசு, காலணி பெரிசு. ஆனாலும் கையில் ஒரு தடி. நடையில் ஒரு மிடுக்கு. அந்த ஆள் தன்னைக் கனவானாகவே நினைத்துக்கொள்கிறான். சிரிப்பு பிறப்பது அந்த நினைப்பில்தான்.

அண்ணனின் கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞனோடு படம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கோட்டு ஓர் அளவு பெரிதாக இருந்தால் போதும். தோள் தையல் தோள்பட்டையைத் தாண்டி இரண்டு விரற்கடை இறங்க வேண்டும். கைப்பகுதி கட்டைவிரல் கணுவரை வர வேண்டும். கைகுலுக்க நீட்டினால் விரல்கள் மட்டும் எட்டிப்பார்க்கும். கை முழுக்க மறைந்தால் அது மாறுவேடப் போட்டி; நடிகருக்குப் பேனா பிடிக்கவும் வராது. மற்றதெல்லாம் கச்சிதமாக இருக்கட்டும்: இஸ்திரி போட்ட சட்டை, நேர் வகிடு, பளபளக்கும் ஷூ. எல்லாமே தொளதொளவென்று இருந்தால் ஏழ்மைதான் தெரியும், இரவல் தெரியாது.

அடுத்தது நிறம். காத்திருக்கும் மற்றவர்களுக்குச் சாம்பலும் வெளிர்நீலமும், சுவர் மங்கிய வெண்மை, நம் ஆளுக்கு மட்டும் செங்கல் நிறக் கோட்டு. பிரேமில் அழுத்தமான நிறம் அந்த ஒன்றுதான். மூலையில் ஒரு சிவப்பு வாளி கிடந்தால் பார்வை அங்கே ஓடிவிடும். எடுத்து வெளியே வையுங்கள். "கிரேடிங்கில் (எடுத்த பிறகு கணினியில் நிறம் திருத்தும் வேலையில்) பார்த்துக்கொள்ளலாம்" என்பது இங்கே செல்லாது. செங்கல் நிறமும் முகத்தின் நிறமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. கோட்டின் நிறத்தை மட்டும் மாற்றப் போனால் கன்னமும் சேர்ந்து மாறும். எல்லாரையும் உடையோடு நிற்கவைத்து, கைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். பக்கத்தில் யாராவது அடர்பச்சை போட்டிருந்தால், அதுவும் செங்கல் நிறமும் ஒரே சாம்பலாகிவிடுவது அப்போதுதான் தெரியும். தூரக் காட்சியில் கண் முதலில் பிரித்தறிவது வெளிச்ச வித்தியாசத்தைத்தான்.

பின்னணியை மங்கலாக்கும் ஆசையையும் தொடக்கக் காட்சியில் கொஞ்சம் அடக்க வேண்டும். லென்ஸின் துளையை அகலத் திறந்து எஃப் 1.8இல் எடுத்தால் முகம் அழகாக வரும். ஆனால் அவனுக்கும் சுற்றியிருப்பவர்களுக்கும் உள்ள வேறுபாடு மங்கலில் கரைந்துவிடும். சிரிப்பும் கூடவே கரைந்துவிடும். 28 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸ், பின்னணியும் தெளிவாகத் தெரியத் துளையைச் சுருக்கி எஃப் 5.6, தலை முதல் ஷூ வரை தெரியும் ஷாட், வெட்டாமல் நாலைந்து விநாடி. பார்வையாளர் உடையைப் படித்து முடிக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

துணியைக் கேமராவில் சோதிக்காமல் முடிவு செய்யக் கூடாது. நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் சென்சாரில் அலையலையாக நெளியும். குளோசப்பில் சுத்தமாக இருக்கும் சட்டை, இடுப்புவரை தெரியும் மிட் ஷாட்டில் நெளியும். அதனால் எடுக்கப்போகும் எல்லாத் தூரத்திலும் எடுத்து, பெரிய திரையில் முழு அளவில் பாருங்கள். தூய வெள்ளைக்குப் பதில் சற்றே பழுப்பேறிய வெள்ளை போட்டால் ஜன்னலோர வெளிச்சத்தில் மடிப்புகள் அழியாது. பாலியஸ்டர் லைனிங் உள்ள கோட்டுக்குள் காலர் மைக் வைத்தால் ஒவ்வோர் அசைவும் சரசரக்கும். நடிகரை உட்காரச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, ஹெட்போனில் கேட்டுவிட்டே மைக்கை டேப் போட்டு ஒட்டுங்கள்.

சட்டைப் பையில் பேனா மை கசியும் காட்சி இருந்தால் ஒரே மாதிரிச் சட்டை குறைந்தது மூன்று வேண்டும். மூன்றையும் ஒரே சமயத்தில் வாங்கி, ஒவ்வொன்றையும் அதே எண்ணிக்கைத் தடவை துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறம் ஒத்துப்போகாது. கறையில்லாத ஷாட்டுகளையெல்லாம் முதலில் எடுத்து முடித்துவிடுங்கள். உண்மையான மை பருத்தித் துணியில் ஊறிக்கொண்டே போகும். முதல் டேக்கில் காசளவு இருந்தது நாலாவது டேக்கில் உள்ளங்கை அளவாகிவிடும். மை பரவுவதைக் காட்டும் ஷாட்டுக்கு மட்டும் அசல் மை. மற்ற ஷாட்டுகளுக்கு, கறையின் வடிவத்தை டிரேசிங் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, நீர் கலந்த அக்ரிலிக் பெயின்ட்டால் தீட்டிக் காயவைத்த சட்டை. அது காய்ந்தபின் பரவாது.

வேறொரு நாள் படப்பிடிப்பைத் தொடரும்போது உடை மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் முன், பின், இரு பக்கம் என நான்கு படங்கள் எடுத்து, காட்சி எண்ணோடு கதையில் அது எத்தனையாவது நாள் என்பதையும் எழுதி வையுங்கள். சட்டைக் கையை எத்தனை மடிப்பு மடித்திருந்தார் என்பதும் அந்தக் குறிப்பில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
குறும்பட உடைப் பிரிவில் பணிபுரியும் வாசகர்